நான்கு அணுக்கள் போட்ட கணக்கு!

ஆஸ்திரியா நாட்டில் இன்ஸ்புருக் என்று ஒரு நகரம் இருக்கிறது. சுற்றிலும் ஆல்ப்ஸ் மலை. மலை உச்சியில் வெள்ளை வெளேர் என்று பனி. ஊரின் வழியாக இன் என்ற ஆறு ஓடுகிறது. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன ஊர். 1964-ம் ஆண்டிலும், 1976-ம் ஆண்டிலும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் அங்கே நடந்தன.

2016-ம் ஆண்டு அந்த ஊரில் வேறு ஒரு பந்தயம் நடந்தது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடவில்லை. கொடி பறக்கவில்லை. பந்தயத்தில் கலந்துகொண்டவை நான்கு அணுக்கள்!

காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு எஃகுப் பெட்டி. அதற்குள் நான்கு அணுக்கள் ஒரே வரிசையில் அந்தரத்தில் நின்றன. காமிராவில் அவை நான்கு ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தன.

அந்த நான்கு அணுக்களும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டன.

என்ன கணக்கு? ஒன்றுமே இல்லாத வெற்றிடத்தில் இருந்து பொருள் எப்படிப் பிறக்கிறது என்ற கணக்கு!

சூனியத்தில் இருந்து பொருள் பிறக்குமா? பிறக்கும் என்கிறது விஞ்ஞானம். அந்தக் கதை இரண்டு மனிதர்களில் இருந்து தொடங்குகிறது.

ஒரே ஊர், ஒரே வயது

1918-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று பிப்ரவரி மாதம். மற்றொன்று மே மாதம்.

முதல் குழந்தையின் பெயர் ஜூலியன் ஷ்விங்கர். இரண்டாவது குழந்தையின் பெயர் ரிச்சர்டு பெயின்மன்.

இருவரும் வளர்ந்து பெரிய பௌதிக விஞ்ஞானிகள் ஆனார்கள். ஆனால் குணத்தில் இருவரும் இரு துருவம்.

ஷ்விங்கர் அமைதியானவர். எப்போதும் நேர்த்தியாக உடை உடுத்துவார். பகலில் தூங்குவார், இரவு முழுவதும் கண் விழித்துக் கணக்குப் போடுவார்.

பெயின்மன் கலகலப்பானவர். போங்கோ என்ற மேளம் கொட்டுவார். அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த லாஸ் அலமாஸ் என்ற இடத்தில் வேலை பார்த்தபோது, இரகசியக் காகிதங்கள் இருந்த இரும்புப் பெட்டிகளைச் சாவி இல்லாமலே திறந்து காட்டி, அதிகாரிகளைத் திணற அடித்தவர்!

ஒளியும் எலெக்ட்ரானும் ஒன்றோடு ஒன்று எப்படி உறவாடுகின்றன என்பதை இருவரும் தனித் தனியே ஆராய்ந்தார்கள். வழி வேறு; விடை ஒன்று. ஜப்பானைச் சேர்ந்த டொமனாகா என்பவரும் இதே விடையைக் கண்டுபிடித்து இருந்தார். 1965-ம் ஆண்டு மூவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இன்ஸ்புருக்கில் அணுக்கள் போட்ட கணக்கு ஷ்விங்கருடைய கணக்கு. அணுக்களைக் கொண்டே கணக்குப் போடலாம் என்ற யோசனை பெயின்மனுடைய யோசனை. ஒரே ஊரில் ஒரே ஆண்டில் பிறந்த இருவரின் எண்ணங்கள், வேறொரு நாட்டில் ஒரு எஃகுப் பெட்டிக்குள் சந்தித்தன!

வெற்றிடம் வெறுமை அல்ல

முதலில் ஷ்விங்கருடைய கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பெட்டியில் இருந்து காற்றை எடுத்துவிட்டோம். தூசியை எடுத்துவிட்டோம். வெளிச்சத்தையும் எடுத்துவிட்டோம். மிச்சம் என்ன? ஒன்றும் இல்லை என்று நாம் சொல்வோம்.

விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லுவது இல்லை. அந்த வெற்றிடம் காற்று அடிக்காத குளம் போன்றது என்கிறார்கள். அலை இல்லை என்பதற்காகத் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடுமா? ஓங்கி ஒரு அடி கொடுத்தால் குளத்தில் அலை எழும். அதுபோல, வெற்றிடத்துக்குப் போதுமான சக்தி கொடுத்தால் அதில் இருந்து பொருள் எழும்.

சக்தியும் பொருளும் ஒன்றுதான். ஒன்று மற்றொன்றாக மாறும் என்று 1905-ம் ஆண்டு ஐன்ஸ்டீன் சொன்னார்.

பிறகு இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி டிராக், எலெக்ட்ரானுக்கு ஒரு இரட்டைப் பிறவி இருக்க வேண்டும் என்று 1931-ம் ஆண்டு கணக்கில் கண்டார். எடை ஒன்று; ஆனால் மின்சாரம் நேர் எதிர். எலெக்ட்ரானில் இருப்பது எதிர் மின்சாரம். இதில் இருப்பது நேர் மின்சாரம்.

மறு ஆண்டே அது அகப்பட்டது! விண்வெளியில் இருந்து பூமிக்கு வந்துகொண்டிருக்கும் கதிர்களை அமெரிக்க விஞ்ஞானி ஆண்டர்சன் படம் எடுத்தார். ஒரு படத்தில், எலெக்ட்ரான் போகும் தடம் போலவே ஒரு தடம் இருந்தது. ஆனால் அது மறுபக்கமாக வளைந்து இருந்தது. அதற்கு பாசிட்ரான் என்று பெயர் வைத்தார்கள்.

இது ஏதோ எட்டாத சங்கதி என்று எண்ண வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் "பெட் ஸ்கேன்" எடுக்கிறார்களே, அதில் வேலை செய்வது இந்தப் பாசிட்ரான்தான்.

எலெக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் மறைந்துவிடும். அவை இருந்த இடத்தில் கதிர்கள் மட்டும் மிஞ்சும். இதற்கு மாறாகவும் நடக்கும். சக்தியில் இருந்து எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கும்.

மிகப் பலமான மின்சார விசை இருந்தால், வெற்றிடத்தில் இருந்தே இந்த ஜோடிகள் பிய்த்துக்கொண்டு வரும். எவ்வளவு விசை இருந்தால் எவ்வளவு ஜோடிகள் வரும் என்பதை 1951-ம் ஆண்டு ஷ்விங்கர் கணக்கிட்டுச் சொன்னார்.

அந்த விசை எவ்வளவு தெரியுமா? நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஷ்விங்கர் கணக்குக்கு வேண்டியதோ ஒரு மீட்டர் தூரத்துக்குச் சுமார் 13 ஆயிரம் கோடி கோடி வோல்ட்! வெற்றிடத்தில் அவ்வளவு பலமான விசையை நிலையாக நிறுத்தி வைக்க மனிதனால் முடிந்தது இல்லை.

ஒரு கோட்டு உலகம்

1962-ம் ஆண்டு ஷ்விங்கர் இன்னொரு காரியம் செய்தார். ஒரு பொம்மை உலகத்தைக் கணக்கில் படைத்தார்.

நம் உலகத்தில் முன்னும் பின்னும் போகலாம். இடமும் வலமும் போகலாம். மேலும் கீழும் போகலாம். ஷ்விங்கரின் உலகத்தில் முன்னும் பின்னும் மட்டுமே போகலாம். அது ஒரு கோடு. எறும்பு ஒரு நூலின் மீது நடப்பதைப் போல, எலெக்ட்ரானும் பாசிட்ரானும் அந்தக் கோட்டின் மீது மட்டும் நடமாடும்.

எதற்காக இந்த விளையாட்டு? பெரிய சைக்கிளில் ஏறுவதற்கு முன்னால் சிறுவர்கள் சின்ன சைக்கிளில் பழகுவது இல்லையா? அது போலத்தான். எளிய உலகத்தில் கணக்கைப் போட்டுப் பழகினால், பிறகு மெய்யான உலகத்துக்குப் போகலாம்.

அந்தப் பொம்மை உலகத்தில் மெய்யான உலகத்தின் சாயல் ஒன்றும் இருந்தது. அங்கே எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எவ்வளவு இழுத்தாலும் தனித் தனியே பிரிக்க முடியாது. மெய்யான உலகத்தில் குவார்க் என்ற துகள்கள் அப்படித்தான் இருக்கின்றன.

குவார்க் என்றால் என்ன? நம் உடம்பு அணுக்களால் ஆனது. அணுவின் நடுவில் புரோட்டானும் நியூட்ரானும் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பவை குவார்க்குகள். ஒரு குவார்க்கைத் தனியாகப் பிடித்து யாரும் பார்த்தது இல்லை.

சதுரங்கக் கட்டமும் நெல்மணியும்

சரி, இன்றைக்கு எத்தனையோ பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவே! அவற்றிடம் கொடுத்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிடாதா?

இதற்குப் பதில் சொல்ல, தாத்தா பாட்டி சொல்லும் பழைய கதை ஒன்று உதவும்.

ஒரு புலவர் அரசனிடம் பரிசு கேட்டார். "சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல் வையுங்கள். இரண்டாவது கட்டத்தில் இரண்டு நெல். மூன்றாவதில் நான்கு. நான்காவதில் எட்டு. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக வைத்துக் கொடுத்தால் போதும்" என்றார்.

"இவ்வளவுதானா?" என்று அரசன் சிரித்தான். பிறகு அவன் களஞ்சியம் காலி ஆயிற்று. 64 கட்டங்களுக்கும் சேர்த்து வைக்க வேண்டிய நெல் 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடிக்கு மேல்!

நுண்துகள்களின் கணக்கும் இந்த நெல் கணக்குதான்.

ஒரு நாணயத்தை மேஜையில் வைத்தால் பூ விழுந்து இருக்கும். அல்லது தலை விழுந்து இருக்கும். இரண்டில் ஒன்றுதான். நுண்துகள்களோ இரண்டு நிலையும் கலந்த ஒரு நிலையில் இருக்க முடியும். எந்த நிலை எவ்வளவு கலந்து இருக்கிறது என்று குறித்து வைக்க, ஒரு துகளுக்கு இரண்டு எண்கள் வேண்டும்.

இரண்டு துகள் என்றால் நான்கு எண்கள். மூன்று என்றால் எட்டு. 10 துகள்களுக்கு 1,024. 20 துகள்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். 30 துகள்களுக்கு 107 கோடி. 50 துகள்களுக்கு 11 கோடி கோடி!

300 துகள்கள் என்றால், கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள அணுக்களைவிட அதிகமான எண்கள் வேண்டும். அவற்றை எழுதி வைக்கக் கம்ப்யூட்டருக்கு எங்கே இடம்?

போட்டோ உண்டு, சினிமா இல்லை

விஞ்ஞானிகள் சும்மா இருந்துவிடவில்லை. 1974-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி கென்னத் வில்சன் ஒரு நல்ல வழி கண்டார்.

மீன் வலையைப் போல வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். முடிச்சுகளில் துகள்கள் இருக்கும். முடிச்சுகளை இணைக்கும் நூல்களில் விசை இருக்கும் என்று வைத்துக்கொண்டார். எல்லா நிலைகளையும் கணக்கிடாமல், மூட்டையில் குத்தூசி போட்டு நெல்லைச் சோதிப்பதைப் போல, அங்கும் இங்குமாகச் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

இந்த வழியால் பெரிய பலன்கள் கிடைத்தன. 2008-ம் ஆண்டு ஐரோப்பிய விஞ்ஞானிகள், ராட்சதக் கம்ப்யூட்டர்களைக் கொண்டு புரோட்டானின் எடையைக் கணக்கிட்டார்கள். அது தராசில் நிறுத்தது போல் உண்மை எடையோடு ஒத்துப் போயிற்று!

ஆனால் ஒரு குறை. வலைக் கணக்கு போட்டோ எடுத்துக் கொடுக்கும். சினிமா எடுத்துக் கொடுக்காது.

புரோட்டானின் எடை என்ன? சொல்லும். ஆனால் இரண்டு புரோட்டான்கள் மோதுகின்றன. உள்ளே இருக்கும் குவார்க்குகள் இந்தக் கணம் என்ன செய்கின்றன, அடுத்த கணம் என்ன செய்கின்றன என்று கேட்டால், விழிக்கும்.

ஏன்? ஒரு பெரிய கடையை எண்ணிப் பாருங்கள். வரவு பல கோடி ரூபாய். செலவும் பல கோடி ரூபாய். மிச்சம் ஒரே ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால், அத்தனை கோடி வரவு செலவிலும் ஒரு ரூபாய்கூடப் பிசகக் கூடாது. அங்கும் இங்குமாகச் சில பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்து அந்த மிச்சத்தைச் சொல்ல முடியுமா?

துகள்கள் ஓடும்போது கணக்கிட வேண்டியது அத்தகைய மிச்சம்தான். கூட்டல் எண்களும் கழித்தல் எண்களும் மலை மலையாக வரும். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடைசியில் மிஞ்சுவது கடுகளவு. அந்தக் கடுகில்தான் விடை இருக்கிறது!

பெயின்மன் சொன்ன யோசனை

1981-ம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு மாநாடு நடந்தது. பௌதிக விஞ்ஞானிகளும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் கூடி இருந்தார்கள். பெயின்மன் பேசினார்.

சாதாரணக் கம்ப்யூட்டரைக் கொண்டு இயற்கையைப் போல நடிக்க வைக்க முடியாது. இரட்டிப்புக் கணக்கு நம்மை விழுங்கிவிடும் என்று அவர் எடுத்துக் காட்டினார். பிறகு வழியும் சொன்னார். இயற்கை எந்தச் சட்டப்படி நடக்கிறதோ, அதே சட்டப்படி நடக்கும் கம்ப்யூட்டரைச் செய்யுங்கள் என்றார்.

அதாவது, துகள்களின் கணக்கைத் துகள்களிடமே கொடுங்கள்!

300 துகள்களின் நிலையை எழுதி வைக்க நமக்கு இடம் இல்லை. ஆனால் 300 துகள்களுக்கு அது ஒரு பாரமா? அவை பாட்டுக்கு அந்த நிலையில் இருக்கின்றன. ஆற்று வெள்ளம் எப்படிப் பாயும் என்று காகிதத்தில் எழுதித் தவிப்பதைவிட, மணலில் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரை விட்டுப் பார்ப்பது சுலபம் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட எந்திரத்துக்குத்தான் குவாண்டம் கம்ப்யூட்டர் என்று பெயர்.

யோசனை சொல்லுவது எளிது. செய்வது யார்? ஒரே ஒரு அணுவைப் பிடித்து, அது சிதறாமல், பதறாமல் வைத்து, சொன்னபடி ஆட வைக்க வேண்டுமே!

1988-ம் ஆண்டு பெயின்மன் காலமானார். 1994-ம் ஆண்டு ஷ்விங்கர் காலமானார். அதுவரை அப்படி ஒரு எந்திரம் பிறக்கவில்லை.

சுண்ணாம்பில் உள்ள அணு

ஷ்விங்கர் மறைந்த மறு ஆண்டு, 1995-ல், வழி பிறந்தது. இன்ஸ்புருக்கில் இருந்த பீட்டர் ஸோலர் என்பவரும், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த இக்னாசியோ சிராக் என்பவரும் ஒரு திட்டம் வெளியிட்டார்கள். மின்சாரம் ஏறிய அணுக்களை வரிசையாக நிறுத்தி, லேசர் ஒளியால் தட்டித் தட்டிக் கணக்குப் போட வைக்கலாம் என்பது அந்தத் திட்டம்.

அணுவை எப்படி நிறுத்துவது? அதற்கு முன்பே ஒருவர் கூண்டு செய்து வைத்து இருந்தார். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ப்காங் பால் என்பவர். 1989-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவர் செய்த கூண்டுக்குச் சுவர் கிடையாது, கம்பி கிடையாது. வேகமாக மாறி மாறி வரும் மின்சார விசைதான் சுவர். அணு இந்தப் பக்கம் நழுவினால் விசை அந்தப் பக்கம் தள்ளும்; அந்தப் பக்கம் நழுவினால் இந்தப் பக்கம் தள்ளும். அணு நடுவிலேயே நிற்கும்.

இன்ஸ்புருக் விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டது கால்சியம் அணு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் இருக்கிறதே, அதே கால்சியம்! நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் அதுதான்.

கூண்டில் நிற்கும் கால்சியம் அணுவுக்கு இரண்டு நிலைகள் வைத்துக்கொண்டார்கள். ஒரு நிலையில் இருந்தால், குறிப்பிட்ட லேசர் ஒளி பட்டதும் மின்மினி போல ஒளிரும். மற்றொரு நிலையில் இருந்தால் இருண்டு இருக்கும். இரண்டும் கலந்த நிலையிலும் அதை வைக்கலாம்.

பிறந்தது ஜோடி, மறைந்தது ஜோடி!

பேராசிரியர் ரெய்னர் பிளாட்டின் குழுவினர் சோதனையை நடத்தினார்கள். ஸோலரின் குழுவினர் கணக்கை வகுத்துக் கொடுத்தார்கள். எஸ்டபான் மார்ட்டினெஸ், கிறிஸ்டீன் முஷிக் ஆகிய இளம் விஞ்ஞானிகள் முன்னணியில் இருந்தார்கள்.

நான்கு அணுக்கள், ஷ்விங்கரின் கோட்டு உலகத்தில் நான்கு வீடுகள். ஒன்று விட்டு ஒன்று எலெக்ட்ரானுக்கு உரிய வீடு. மற்றவை பாசிட்ரானுக்கு உரியவை. வீட்டில் ஆள் உண்டா, இல்லையா என்பதை அணுவின் நிலை காட்டும்.

தொடக்கத்தில் நான்கு வீடுகளும் காலி. அதுதான் வெற்றிடம்!

பிறகு லேசர் ஒளியால் அணுக்களைத் தட்டத் தொடங்கினார்கள். மனம்போனபடி தட்டவில்லை. ஷ்விங்கரின் கணக்கில் காலம் எப்படி நகருமோ, அதைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்து, அந்த முறைப்படி தட்டினார்கள். மொத்தம் 200 தட்டுகளுக்கு மேல்.

பிறகு விளக்கைப் போட்டுப் பார்ப்பது போல, எந்த அணு ஒளிர்கிறது, எது இருண்டு இருக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. நுண்துகள்களின் உலகத்தில் விடை தடவைக்குத் தடவை மாறும். ஆகவே திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுத்தார்கள்.

என்ன நடந்தது?

காலியாக இருந்த வீடுகளில் ஆள் வந்தது! எலெக்ட்ரானும் பாசிட்ரானும் ஜோடியாகப் பிறந்தன. எண்ணிக்கை ஏறியது. பிறகு ஜோடிகள் ஒன்றை ஒன்று சந்தித்து மறைந்தன. எண்ணிக்கை இறங்கியது. துகளின் எடையைக் கூட்டிப் பார்த்தார்கள். பிறப்பு குறைந்தது. கனமான பிள்ளையைப் பெறுவதற்கு அதிகச் சக்தி வேண்டும் அல்லவா?

போட்டோ அல்ல, சினிமா! கணத்துக்குக் கணம் நடப்பது தெரிந்தது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டிக்குள் உண்மையான பாசிட்ரான் எதுவும் பிறக்கவில்லை. நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் ராஜா ஆகிவிடுவது இல்லை. கால்சியம் அணுக்கள் எலெக்ட்ரான், பாசிட்ரான் வேஷம் போட்டு நடித்தன. ஆனால் ஷ்விங்கரின் கோட்டு உலகத்தில் துகள்கள் எந்தச் சட்டப்படி நடக்குமோ, அதே சட்டப்படி நடித்தன.

தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்கவும் ஒரு வழி வைத்து இருந்தார்கள். எலெக்ட்ரான் எத்தனையோ, பாசிட்ரானும் அத்தனை இருக்க வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போகாத கணக்குகளைத் தள்ளிவிட்டு, மற்றவற்றை வைத்துக்கொண்டார்கள்.

2016-ம் ஆண்டு ஜூன் மாதம் இந்தச் செய்தி "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது.

இது ஒரு சாதனையா?

நான்கு துகள்கள் என்றால் மொத்தம் 16 எண்கள். இதைச் சாதாரணக் கம்ப்யூட்டரே நொடியில் போட்டுவிடும். போட்டும் பார்த்தார்கள்! அணுக்கள் சொன்ன விடை சரியா என்று அப்படித்தான் ஒத்துப் பார்த்தார்கள். பிறகு இதில் என்ன சாதனை?

நடக்கத் தொடங்கும் குழந்தை நான்கு அடி வைத்து விழுகிறது. அந்த நான்கு அடி தூரத்தைப் பெரியவர் ஒரே எட்டில் தாண்டிவிடுவார். அதற்காகக் குழந்தையின் முதல் அடியை யாரும் அலட்சியம் செய்வது இல்லை.

பழைய கம்ப்யூட்டர் எவ்வளவு வளர்ந்தாலும் நெல் கணக்கில் அரசனைப் போல் தோற்றுவிடும். புதிய கம்ப்யூட்டரில் ஒரு அணுவைச் சேர்த்தால், அதன் திறம் தானே இரட்டிப்பாகும். புலவருக்கு உதவிய இரட்டிப்பு, விஞ்ஞானிக்கும் உதவும்.

ஆனால் வழியில் முள் இருக்கிறது. குவாண்டம் கம்ப்யூட்டர் தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் வெப்பம், கொஞ்சம் அதிர்வு, எங்கிருந்தோ வரும் காந்த விசை — எது பட்டாலும் கலங்கிவிடும். தட்டும் லேசரிலும் சிறு பிழை இருக்கும். 200 தட்டு, 2,000 தட்டு என்று போகப் போகப் பிழைகள் சேர்ந்துவிடும். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் பெரிய குவாண்டம் கம்ப்யூட்டரைச் செய்வதுதான் இப்போது எல்லோருடைய கவலையும்.

நான்கு, நூறு ஆனது

அந்தக் கவலை ஒரு பக்கம் இருக்க, குழந்தை நடை பழகிக்கொண்டு இருக்கிறது.

2024-ம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழக விஞ்ஞானிகள், அதே ஷ்விங்கர் உலகத்தை ஐ.பி.எம். கம்பெனியின் குவாண்டம் கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டினார்கள். இதில் அணுக்களுக்குப் பதிலாக, கடுங்குளிரில் வைத்த மின்சுற்றுகள் வேலை செய்தன. நான்கு வீடுகள் இருந்த உலகம் 112 வீடுகள் கொண்டது ஆயிற்று. 200 தட்டுகள், 13 ஆயிரத்துக்கு மேல் போயின.

2025-ம் ஆண்டு இன்னும் ஒரு படி. கோட்டு உலகத்தை விட்டு, காகிதம் போன்ற தள உலகத்துக்கு விஞ்ஞானிகள் வந்தார்கள். முன்னும் பின்னும் மட்டும் அல்ல. இடமும் வலமும் போகலாம். கூகுள் கம்பெனியின் விஞ்ஞானிகளும், வேறு குழுவினரும் இதைச் செய்து காட்டினார்கள். இன்ஸ்புருக் விஞ்ஞானிகளும், இப்போது கானடாவில் பேராசிரியையாக இருக்கும் முஷிக்கின் குழுவினரும் சேர்ந்து, தள உலகத்திலும் ஜோடிகள் பிறப்பதைக் கணக்கிட்டார்கள்.

இந்தச் சோதனைகள் சிலவற்றில் அதிசயமான காட்சி ஒன்று தெரிந்தது. இரண்டு துகள்களை ஒரு விசைக் கயிறு கட்டி வைத்து இருக்கிறது. கயிற்றை இழுக்க இழுக்க விறைப்பு ஏறுகிறது. கடைசியில் கயிறு அறுகிறது. ஆனால் துகள்கள் தனியாகவில்லை! அறுந்த முனைகளில் புதிய துகள்கள் பிறந்து ஒட்டிக்கொள்கின்றன. காந்தத்தை உடைத்தால் தனி வடக்கும் தனி தெற்கும் கிடைக்காமல், இரண்டு காந்தங்கள் கிடைப்பதைப் போல!

குவார்க்கை ஏன் தனியாகப் பிடிக்க முடியவில்லை என்பதன் இரகசியம் இதுதான்.

நமக்கு என்ன?

ஒரு துகள் பிறந்தால் என்ன? இறந்தால் என்ன? நமக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்கலாம்.

தராசில் ஏறி நில்லுங்கள். 60 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உடம்பில் உள்ள எல்லாக் குவார்க்குகளின் சொந்த எடையையும் கூட்டினால் ஒரு கிலோகூடத் தேறாது! மற்ற எடை எல்லாம் எங்கே இருந்து வந்தது? குவார்க்குகள் புரோட்டானுக்குள்ளும் நியூட்ரானுக்குள்ளும் ஓடி ஆடும் சக்தியில் இருந்தும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் விசையின் சக்தியில் இருந்தும் வந்தது. நாம் உடம்பு என்று சொல்லுவது பெரும்பாலும் அடைபட்ட சக்திதான்.

அந்தச் சக்தி எவ்வளவு என்று வில்சனின் வலை சொல்லிவிட்டது. அது கணத்துக்குக் கணம் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லத்தான் புதிய எந்திரம் வேண்டும்.

சுவிட்சர்லாந்து எல்லையில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். மோதிய பிறகு சிதறுவதைக் கருவிகள் பிடிக்கின்றன. மோதிய அந்தக் கணத்தில் உள்ளே நடந்தது என்ன? பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியில், குவார்க்குகள் திரண்டு புரோட்டான்கள் ஆனது எப்படி? இவற்றை அடி முதல் முடி வரை கணக்கிட்டுப் பார்க்க இன்று உள்ள எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது.

மெய்யான உலகம் கோடும் அல்ல, காகிதமும் அல்ல. மூன்று பக்கமும் விரிந்தது. அதன் விசைகளும் சிக்கலானவை. அதற்குப் போக இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

ஆனால் பாதை எது என்று தெரிந்துவிட்டது. இயற்கையின் கணக்கை இயற்கையிடமே கேட்க வேண்டும்.

இரவில் கண் விழித்து ஷ்விங்கர் எழுதிய கணக்கு. மேளம் கொட்டிய பெயின்மன் சொன்ன வழி. இருவரும் ஒரே மேடையில் பரிசு வாங்கினார்கள். தங்கள் எண்ணங்கள் ஒன்று சேர்வதைப் பார்க்க இருவரும் உயிரோடு இல்லை.

அவர்களுக்காக அதைச் செய்து முடித்தவை, சுண்ணாம்பில் உள்ள நான்கு அணுக்கள்!